ஆயிரம் மைல் நாய் வண்டி ரேஸ்ல அப்படி என்ன இருக்கு?

கேட்ட கேள்வி இதுதான்: "அலாஸ்கால ஐடிடராட்னு நாய் வண்டி ரேஸ் நடக்குதே, ஆயிரம் மைல், மைனஸ் நாப்பது குளிர், இதுல மனுஷனுக்கும் நாய்க்கும் என்ன கஷ்டம், என்ன கிடைக்குதுன்னு ஓட்டுறாங்க? நாயப் போட்டு வதைக்கிற மாதிரி இல்லையா? வெளியாள் ஒருத்தர் போய் ஓட்ட முடியுமா?"

வேலை காரணமா நான் ஆங்கரேஜ்ல ரொம்ப வருஷமா இருக்கேன். ரேஸ் ஆரம்பிக்கிற அன்னைக்கு நாய் பிடிச்சுக்கிற வாலண்டியரா நின்னிருக்கேன், நாய் வளக்குறவங்க இடத்துக்குப் போய் சாப்பாடு கலக்குறது, கொட்டில் சுத்தம் பண்றதுன்னு கூடமாட வேலை செஞ்சிருக்கேன். ரேஸ் ஓட்டுனதில்ல. பக்கத்துல இருந்து பாத்தது, ஓட்டுறவங்க சொல்லிக் கேட்டது, படிச்சது எல்லாத்தையும் சேத்துதான் சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ரேஸ் என்னன்னு சுருக்கமா. மார்ச் முதல் சனிக்கிழமை ஆங்கரேஜ் டவுன்ல ஒரு ஆரம்ப விழா, லாரில பனி கொண்டாந்து நாலாவது அவென்யூல கொட்டி அது மேல வண்டி ஓட்டுவாங்க, அது ஜனங்க பாக்குறதுக்கு. நெஜ ரேஸ் மறுநாள் வில்லோங்கிற ஊர்ல ஆரம்பிக்கும். அங்கேருந்து அலாஸ்கா மலைத்தொடர ஏறி இறங்கி, உள்காட்டு வழியா யூகான் ஆத்துக்கு வந்து, உறைஞ்ச ஆத்து மேலயே போயி, கடைசில பெரிங் கடல் ஓரமா நோம் ஊர்ல முடியும். ரெட்டப்படை வருஷம் வடக்கு வழி, ஒத்தப்படை வருஷம் தெற்கு வழி, எப்படிப் போனாலும் ஆயிரம் மைல் பக்கம் வரும், அதாவது 1600 கிலோமீட்டர். 1973ல நோம் வரைக்கும் நடந்த முதல் ரேஸ்ல ஜெயிச்ச டிக் வில்மார்த்துக்கு 20 நாள் ஆச்சு. 2017ல மிட்ச் சீவி 8 நாள் 3 மணி நேரத்துல முடிச்சாரு, அப்ப அவருக்கு வயசு 57. ஆண் பெண் தனித்தனி பிரிவெல்லாம் கிடையாது, வயசு பிரிவும் கிடையாது, எல்லாரும் ஒரே ரேஸ்தான்.

இப்ப விஷயத்துக்கு வரேன். வெளிய இருந்து பாக்குறவங்க எல்லாருமே நெனைக்கிறது, நாய அதட்டி மிரட்டி ஓட வைக்கிறதுதான் இதுல கஷ்டம்னு. ஓட வைக்க எந்த வித்தையும் தேவையில்ல. ஸ்டார்ட் லைன்ல ஒரு தடவ நின்னு பாத்தா புரிஞ்சிடும், பதினாறு நாயும் கத்தி, எகிறி, கயித்த இழுத்து, பக்கத்துல நிக்கிறவன் பேசுறது காதுல விழாது, வண்டிய லைனுக்குக் கொண்டு வரவே ஆளுக்கொரு பக்கமா கயித்தப் பிடிச்சுக்கிட்டு வரணும், நம்மள இழுத்துத் தள்ளிடும். விட்ட அடுத்த செகண்ட் அந்தக் கத்தல் அப்படியே நின்னுடும், எல்லாம் தலையக் குனிஞ்சு ஓட ஆரம்பிச்சிடும். கஷ்டம் இந்த ஓட்டத்த நிறுத்துறதுல இருக்கு. எப்ப நிறுத்தணும், எவ்வளவு நேரம் நிறுத்தணும், நிறுத்துன இடத்துல எப்படி சாப்பிட வைக்கணும், எப்படி தூங்க வைக்கணும், எந்த நாய வீட்டுக்கு அனுப்பணும், இத ஒன்பது பத்து நாள் தூக்கமில்லாம சரியா முடிவு பண்றவங்கதான் முன்னாடி வராங்க.

இந்த நாய்ங்க படத்துல வர்ற நீலக்கண்ணு சைபீரியன் ஹஸ்கி இல்ல, பெரும்பாலும் அலாஸ்கன் ஹஸ்கின்னு சொல்ற கலப்பு, அழகுக்காக இல்லாம ஓட்டத்துக்காகவும் பசிக்காகவும் பாதத்துக்காகவும் தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளத்தது. எடை 20, 25 கிலோதான் இருக்கும். பசின்னு சொன்னேன்ல, அது ரொம்ப முக்கியம். ரேஸ் நடக்குறப்ப ஒரு நாய்க்கு ஒரு நாளைக்கு 10,000 கலோரிக்கு மேல போகணும், அவ்வளவு சின்ன உடம்புக்கு! கொழுப்பு, மாட்டிறைச்சி, சால்மன் மீன், கோழித்தோல், கூட டிரை ஃபுட், எல்லாம் ஐஸ் கட்டியா உறைஞ்ச நிலைல சாக்கு சாக்கா கட்டி ரேஸுக்கு முன்னாடியே வழில இருக்குற செக் பாயின்ட்டுக்கு விமானத்துல அனுப்பி வச்சிருவாங்க, ஒரு மஷருக்கு கிட்டத்தட்ட ஒரு டன் சாமான் போகும் (வண்டி ஓட்டுறவங்கள மஷர்னுதான் சொல்லுவாங்க). தண்ணிய வெறும் தண்ணியா வச்சா நாய் குடிக்காது, அதனால கறியப் போட்டு சூப்பு மாதிரி கலக்கித்தான் குடிக்க வைக்கணும். சாப்பாட்ட மோந்து பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிற நாய் அடுத்த ஓட்டத்துக்கு ஆகாதுன்னு அர்த்தம், மஷருங்க பயப்படுறது அதுக்குத்தான்.

ஓக்லஹோமா ஸ்டேட் யுனிவர்சிட்டில மைக்கேல் டேவிஸ்னு ஒரு கால்நடை ஆராய்ச்சியாளர் பல வருஷமா இந்த நாய்ங்கள ஆராய்ச்சி பண்ணாரு. அவர் குழு பாத்ததுல ஆச்சரியமானது என்னன்னா, முதல் ஓரிரு நாள்தான் நாயோட உடம்பு சோர்வு காட்டுது, தசைல இருக்குற சர்க்கரை சேமிப்பு குறையுது, அதுக்கப்புறம் ஓட ஓடவே உடம்பு தன்னை மாத்திக்கிட்டு கொழுப்ப எரிக்கிற பக்கமா போயிடுது, நாலாவது நாள் வாக்குல ரத்தப் பரிசோதனைல பல அளவுகள் ஓய்வுல இருக்குற நாயோட அளவுக்குக் கிட்ட திரும்பி வந்துடுது. மனுஷ மாரத்தான்காரனுக்கு இது நடக்காது. அதே ஆராய்ச்சிக்காரங்க நல்லதல்லாததையும் கண்டுபிடிச்சாங்க, அதையும் சொல்லணும். ரேஸ் முடிச்ச நாய்ங்கள்ல பாதிக்குப் பக்கம் வயித்துக்குள்ள புண்ணு இருந்துச்சு, வெளிய ஒரு அறிகுறியும் தெரியல. மனுஷங்களுக்குக் குடுக்குற அசிடிட்டி மாத்திரையவே இந்த நாய்ங்களுக்கும் குடுக்குற வழக்கம் அதுக்கப்புறம் பரவுச்சு.

குளிர் நாய்க்குப் பிரச்சனைன்னு நெனைக்கிறோம்ல, அது தலைகீழ். ரெண்டு அடுக்கு முடி போட்ட, ஓடிக்கிட்டே இருக்குற நாய்க்கு மைனஸ் 20 சுகம். பூஜ்யம் டிகிரி, மதிய வெயில், அதுதான் ஆபத்து, உடம்பு சூடாகி சுருண்டுடும். அதனால வெயில் நேரத்துல படுக்க வச்சு ராத்திரில ஓட்டுவாங்க. குளிரு மனுஷனுக்குத்தான் எதிரி. வண்டிக்குப் பின்னாடி ரன்னர்ங்கிற சறுக்குக் கட்டை மேல நிக்கிறவன் ஓடல, காத்து மூஞ்சில அடிக்குது, வெறுங்கையால செய்ய வேண்டிய வேலை அத்தனை இருக்கு.

அந்த வேலை என்னன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன், ஏன்னா டிவில காட்டாத பகுதி அதுதான், எனக்கு இந்த ரேஸ் மேல மரியாதை வந்ததும் அதனாலதான். ஆறு மணி நேரம் ஓட்டி ஆறு மணி நேரம் நிறுத்துறாங்கன்னு வச்சுக்கோங்க. வண்டி நின்ன உடனே பனில கொக்கிய மிதிச்சு இறக்கணும், இல்லன்னா வண்டி போயிடும். எல்லா நாய்க்கும் ஒரு மீன் துண்டோ கொழுப்புத் துண்டோ போடணும். அப்புறம் பாதத்துல போட்ட துணி பூட்டிய ஒவ்வொண்ணா கழட்டணும், 16 நாய்க்கு 64 பூட்டி. வைக்கோல் கட்ட தூக்கிட்டு வந்து பிரிச்சு ஒவ்வொரு நாய்க்கும் படுக்கை போடணும். மெத்தனால் ஊத்தி அடுப்பு பத்த வச்சு பனிய அள்ளிப் போட்டு உருக்கணும், பானை பனி உருகுனா அடில கொஞ்சூண்டு தண்ணி நிக்கும், திரும்பத் திரும்ப அள்ளிப் போட்டுக்கிட்டே இருக்கணும். வெந்நில கறிய ஊற வச்சு ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனியா ஊத்தணும், யாரு சாப்பிட்டா யாரு சாப்பிடலன்னு மனசுல வச்சுக்கணும். அப்புறம் முட்டி போட்டு உக்காந்து ஒவ்வொரு பாதமா விரல விரிச்சுப் பாக்கணும், வெடிப்பு இருந்தா மருந்து தடவணும், மணிக்கட்டு வீங்கிருந்தா தேய்ச்சு விட்டுக் கட்டுப் போடணும், தோள்பட்டைய நீவி விடணும். கால்நடை டாக்டர் வந்து பாத்து ஒவ்வொரு மஷர்கிட்டயும் இருக்குற நோட்டுல எழுதுவாங்க. இதுக்கே ரெண்டு மணி நேரம் போயிடும். இதெல்லாம் முடிஞ்சாதான் தன் சாப்பாடு, ஈரமான பூட்ஸ காய வைக்கிறது, ஒரு மணி, ஒன்றரை மணி நேரத் தூக்கம், எழுந்து திரும்ப சூப்பு, திரும்ப 64 பூட்டி, அதையும் கையுறை போட்டுக்கிட்டு மாட்ட முடியாது.

கட்டாய ஓய்வும் உண்டு. வழில எங்கயாவது ஒரு இடத்துல 24 மணி நேரம், யூகான் ஆத்துல ஒரு 8 மணி நேரம், கடைசியா நோமுக்கு 77 மைல் முன்னாடி ஒயிட் மவுண்டன்ல இன்னொரு 8 மணி நேரம். மத்த ஓய்வெல்லாம் மஷரோட முடிவு, வியூகமே அங்கதான். முன்னாடி போறவன் ஓய்வு குடுக்காம போயிருந்தா அடுத்த நாள் அவன் வேகம் விழும்னு பின்னாடி வர்றவன் கணக்குப் போட்டுக்கிட்டே வருவான்.

தூக்கமின்மை எவ்வளவு மோசம்னா, மூணு நாலு நாள்ல இல்லாத மனுஷங்க, இல்லாத வீடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும், மரக்கிளை முட்டப் போகுதுன்னு வெட்டவெளில குனியுவாங்க. நின்னுக்கிட்டே தூங்கி வண்டிலருந்து விழுந்தா நாய் நிக்காது, அது பாட்டுக்குப் போயிடும், ராத்திரில நடுக்காட்டுல தனியா நிக்க வேண்டியதுதான். அதனாலதான் புதுசா கத்துக்க வர்றவங்களுக்கு சொல்ற முதல் பாடமே, என்ன ஆனாலும் வண்டிய விட்டுடாத, கீழ விழுந்து தரையோட இழுபட்டாலும் கைய விடாதன்னு.

பாதைய பத்தி ரொம்ப சொல்லல. ரெய்னி பாஸ்ங்கிற மலைக் கணவாய ஏறி இறங்குன உடனே டால்செல் கார்ஜ்னு ஒரு குறுகலான பள்ளத்தாக்கு, பனி கம்மியான வருஷம் பாறையும் ஓடையுமா கிடக்கும், வண்டி உடையுறதும் எலும்பு முறியுறதும் பெரும்பாலும் அங்கதான். யூகான் ஆறு அகலமா, நேரா, சலிப்பா போகும், காத்துக்குத் தடுப்பே இருக்காது. கடலோரம் வந்தாச்சுன்னா வேற விளையாட்டு. ஷக்டூலிக்ல இருந்து கோயுக் போறதுக்கு நார்ட்டன் சவுண்ட் கடல் உறைஞ்ச பரப்பத் தாண்டணும், அங்க புயல் அடிச்சா முன்னாடி கட்டியிருக்குற நாயே தெரியாது.

1985ல லிபி ரிடில்ஸ் பண்ணது அங்கதான். ஷக்டூலிக்ல புயல், முன்னணில இருந்தவங்க யாரும் கிளம்ப மாட்டேன்னு உக்காந்துட்டாங்க. அவங்க சாயங்கால நேரமா கிளம்பி கடல் பனிக்குள்ள போனாங்க, ஒரு கட்டத்துக்கு மேல போக முடியாம நடுக்கடல் பனி மேலயே வண்டிப் பைக்குள்ள நுழைஞ்சு ராத்திரியக் கழிச்சாங்க, நாய்ங்க உடம்பச் சுருட்டிப் பனிக்குள்ள படுத்துக்கிச்சு, விடிஞ்சு திரும்பக் கிளம்பி கோயுக் போய்ச் சேந்தாங்க. 18 நாள்ல நோம் வந்து ஐடிடராட் ஜெயிச்ச முதல் பெண் ஆனாங்க. எல்லாரும் இத வீரக் கதையா சொல்லுவாங்க, நான் அதுல பாக்குறது வேற. அந்தப் புயலுக்குள்ள முன்னாடி நிக்கிற லீட் நாய் போக மாட்டேன்னு உக்காந்திருந்தா அவங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. அந்த நாய்ங்களுக்கு அவங்க மேல இருந்த நம்பிக்கை அன்னைக்கு வந்தது இல்ல, அதுக்கு முந்தின வருஷங்கள்ல நேரத்துக்கு சாப்பாடு, நேரத்துக்கு ஓய்வு, பாதத்துக்கு மருந்துன்னு குடுத்துக் குடுத்து சேத்து வச்சது.

எதிர்ப்பக்க உதாரணமும் அதே கடற்கரைல இருக்கு. 2019ல நிக்கோலஸ் பெட்டி நல்ல லீட்ல முன்னாடி போய்க்கிட்டு இருந்தாரு. ஷக்டூலிக் தாண்டிப் போறப்ப டீம்ல ஒரு நாய் இன்னொரு நாய வம்பு பண்ணுச்சு, அவர் அதப் பாத்து ஒரு சத்தம் போட்டாரு. அவ்வளவுதான், மொத்த டீமும் நின்னுடுச்சு. சாப்பாடு குடுத்து, ஓய்வு குடுத்து, என்ன பண்ணியும் போக மாட்டேன்னு உக்காந்துடுச்சு, கடைசில ரேஸ விட்டே விலகிட்டாரு. ஒரு டீம நம்பி எத்தன மாசம் உழைச்சிருப்பாரு, அவருக்கு அது எவ்வளவு வலிச்சிருக்கும்! அந்த வருஷம் ஜெயிச்சது பெத்தேல் ஊர்க்காரர் பீட் கைசர், யூபிக் பழங்குடில இருந்து முதல் சாம்பியன். நாய வதைச்சு ஆயிரம் மைல் ஓட்டிடலாம்னு நெனைக்கிறவங்களுக்கு நான் இந்த 2019 ரேஸத்தான் சொல்லுவேன், மொத்த டீமும் சேந்து முடியாதுன்னு சொன்னா 80 கிலோ மனுஷனால எதுவும் செய்ய முடியாது.

அதுக்காக இதுல வதையே இல்லன்னும் நான் சொல்ல மாட்டேன். 2024ல 3 நாய் ரேஸ்ல செத்துச்சு, 2025ல ஒரு கர்ப்பிணி நாய் செத்துச்சு. ஒவ்வொண்ணும் ஒரு உயிரு, ரேஸ் பிடிக்கும்ங்கிறதுக்காக அத சின்ன விஷயம்னு சொல்ல எனக்கு மனசு வரல. நாய் செத்தா அந்த மஷர் ரேஸ விட்டு விலகணும், எதிர்பாராம வெளிலருந்து வந்த விபத்துன்னா மட்டும் விதிவிலக்கு, பிரேதப் பரிசோதனை உண்டு, ரேஸுக்கு முன்னாடியே எல்லா நாய்க்கும் ஈசிஜி, ரத்தப் பரிசோதனை உண்டு. பீட்டா அமைப்பு பல வருஷமா இந்த ரேஸ நிறுத்தச் சொல்லுது, அலாஸ்கா ஏர்லைன்ஸ், எக்ஸான் மொபில் மாதிரி பெரிய ஸ்பான்சர்கள் விலகிட்டாங்க. என்னோட அபிப்பிராயம், ரேஸ் நடக்குற பத்து நாள்ல அந்த நாய்ங்களுக்குக் கிடைக்கிற மருத்துவ கவனிப்பு ரொம்ப உசத்தி, கேள்வி கேக்க வேண்டியது மீதி 355 நாள பத்தி. எல்லா வளர்ப்பாளரும் ஒரே மாதிரி இல்ல, எத்தன குட்டி பெருக்குறாங்க, ஓட முடியாத நாய், வயசான நாய் எங்க போகுது, சங்கிலில எவ்வளவு நேரம், இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுது. நல்லவங்க கிட்ட வயசான நாய் சோபால படுத்திருக்கும். அப்படி இல்லாதவங்களும் இருந்திருக்காங்க.

காட்டு மிருகத்துல கரடி, ஓநாய விட மூஸ்னு சொல்ற பெரிய மான் வகைதான் பயங்கரம். ஆழமான பனில நடக்க முடியாம அது நாய் போற கெட்டிப் பாதைக்கு வந்து நிக்கும், வழி விடாது, நாய்ங்கள ஓநாய்னு நெனைச்சு மிதிக்கும். 1985ல சூசன் புட்சர் முன்னாடி போய்க்கிட்டு இருந்தப்ப ஒரு மூஸ் டீமுக்குள்ள பூந்து 2 நாய கொன்னுடுச்சு, நிறைய நாய்க்குக் காயம், அவங்க ரேஸ விட வேண்டியதாச்சு. மறு வருஷம் வந்து ஜெயிச்சாங்க, 1987, 1988, 1990லயும் ஜெயிச்சாங்க. 2024ல டாலஸ் சீவி டீம்ல மூஸ் சிக்கி ஒரு நாய்க்குப் பலத்த அடி, அவர் மூஸ சுட வேண்டியதாச்சு. சுட்டா கறி வீணாகக்கூடாது, குடல எடுத்துட்டுத்தான் போகணும்னு ரேஸ் விதியே இருக்கு, அத சரியா செய்யலன்னு 2 மணி நேரம் தண்டனை போட்டாங்க, அப்படியும் ஜெயிச்சாரு, அது அவருக்கு ஆறாவது வெற்றி, இந்த ரேஸ்ல வேற யாரும் அவ்வளவு ஜெயிச்சது கிடையாது.

அதே டாலஸ் சீவி 2014ல ஜெயிச்ச கதைய சொல்லாம விட முடியல. நோமுக்கு முன்னாடி கடைசி 77 மைல். நாலு தடவ சாம்பியன் ஜெஃப் கிங் முதல்ல, ஆலி சர்கிள் ரெண்டாவது, டாலஸ் மூணாவதா கிளம்புறாங்க. கடலோரத்துல காத்து பயங்கரமா அடிக்கிற ஒரு பகுதில ஜெஃப் கிங் டீம பாதைல இருந்தே தூக்கித் தள்ளிடுச்சு, நாய்ங்களோட உயிர்தான் முக்கியம்னு உதவி கேட்டு ரேஸ விட்டுட்டாரு, கிட்டத்தட்ட ஜெயிச்சிட்ட ரேஸ். ஆலி சர்கிள் கஷ்டப்பட்டு சேஃப்டிங்கிற கடைசி செக் பாயின்ட்டுக்கு வந்து, இனி போறது சரியில்லன்னு ரெண்டரை மணி நேரத்துக்கு மேல காத்திருந்தாங்க. டாலஸுக்கு இது எதுவும் தெரியாது, முன்னாடி ரெண்டு பேரும் முடிச்சிருப்பாங்க, நாம மூணாவது இடத்துக்கு அப்பா மிட்ச் சீவியோட போட்டி போடுறோம், பின்னாடி வர்ற தலைவிளக்கு அப்பாவோடதுன்னு நெனைச்சு ஓடி வராரு. அது ஆலி சர்கிளோட விளக்கு. நோம்ல வந்து உக்காந்தப்பதான் நீதான் முதல்னு சொல்றாங்க, 2 நிமிஷம் 22 செகண்ட் வித்தியாசம். ஆலி சர்கிளுக்கு தொடர்ந்து மூணாவது வருஷம் ரெண்டாவது இடம். அவங்களோட அந்த ரெண்டரை மணி நேரக் காத்திருப்பு தப்புன்னு இங்க யாரும் பேசிக் கேட்டதில்ல, ஜெஃப் கிங்கையும் யாரும் கோழைன்னு சொல்லல.

நாய வீட்டுக்கு அனுப்புறது பத்தியும் சொல்லணும். 16 நாயோட கிளம்புனா முடிக்கிறப்ப குறைஞ்சது 5 நாய் கயித்துல இருக்கணும், நடுவுல புது நாய் சேக்க முடியாது. மணிக்கட்டு வலி, சாப்பிடாம இருக்குறது, சும்மா களைப்பு, எதுவா இருந்தாலும் செக் பாயின்ட்ல விட்டுட்டுப் போகலாம், வாலண்டியர் பைலட்டுங்க சின்ன விமானத்துல திருப்பிக் கொண்டு வந்துடுவாங்க. விட்டுட்டுப் போற நாய் சில சமயம் தானும் வருவேன்னு கத்தும். நல்ல மஷர் ஒரு ஸ்டாப் முன்னாடியே விட்டுடுவாங்க, ஆசப்பட்டு இன்னும் நாப்பது மைல் பாக்கலாம்னு இழுத்தா அந்த நாய வண்டில ஏத்தி சுமக்க வேண்டி வரும்.

என்ன கிடைக்குதுன்னு கேட்டீங்க. பணம்னா, 2020களோட ஆரம்பத்துல ஜெயிச்சவருக்கு 50 ஆயிரம் டாலர சுத்தி, இருபது பேருக்கு அப்புறம் வர்றவங்களுக்கு 1,049 டாலர். நுழைவுக் கட்டணமே 4,000 டாலர், வருஷம் முழுக்க நாய்ங்களுக்கு சாப்பாடு, வைத்தியம், சாமான்னு போறது அதுக்கு ரொம்ப மேல. செலவு தாங்காமதான் ஆளும் குறைஞ்சுக்கிட்டே வருது, 2023ல 33 பேர்தான் கிளம்புனாங்க, ரேஸ் வரலாத்துலயே குறைவு. பனியும் சரியில்ல, 2003, 2015, 2017, 2025ல தெற்குப் பக்கம் பனி பத்தாம ஸ்டார்ட்ட ஃபேர்பேங்க்ஸுக்கு மாத்துனாங்க.

பணத்துக்கு வெளிய கிடைக்கிறதுதான் பெருசு. லான்ஸ் மேக்கின்னு ஒருத்தர், 2001ல தொண்டைல புத்துநோய், அறுவை, ரேடியேஷன் எல்லாம் முடிஞ்சு வந்து யூகான் குவெஸ்ட்டுங்கிற இன்னொரு ஆயிரம் மைல் ரேஸ 2005ல இருந்து நாலு தடவ தொடர்ந்து ஜெயிச்சாரு, 2007ல அத முடிச்ச சில வாரத்துலயே பெரும்பாலும் அதே நாய்ங்கள வச்சு ஐடிடராடும் ஜெயிச்சாரு, அதையும் 2010 வரை நாலு வருஷம் தொடர்ந்து. அவங்க அப்பா டிக் 1978லயும் அண்ணன் ரிக் 1983லயும் ஜெயிச்சவங்க, மூணு பேரும் 13ஆம் நம்பர் போட்டு, மூணு பேரும் ஆறாவது முயற்சில. டிக் ஜெயிச்சது ஒரே ஒரு செகண்ட் வித்தியாசத்துல. லான்ஸ் 2022ல இறந்துட்டாரு. அவர் பணக்கார கென்னல் (நாய் வளக்குற இடம்) வச்சவர் இல்ல, மத்தவங்க வேணாம்னு ஒதுக்குன நாய்ங்களையும் எடுத்து வளத்தவரு. இங்க இன்னும் அவர் பேர சொன்னா ஆளுங்க குரல் மாறும்.

மஷருங்க பேசுறப்ப அவங்க சொல்ற சந்தோஷம் பரிசு வாங்குன நிமிஷம் இல்ல. ராத்திரி ரெண்டு மணி, ஒரு சத்தமும் இல்ல, பனில வண்டி உரசுற சத்தமும் நாய்ங்களோட மூச்சும் மட்டும், மேல வடக்கு வெளிச்சம் பச்சையா ஆடுது, பதினாறு நாயும் ஒரே தாளத்துல கால் வைக்குது, வழி பிரியுற இடத்துல "ஜீ"ன்னு மெதுவா சொன்னா வலது பக்கம் திரும்புது, "ஹா"ன்னா இடது. கடிவாளம் கிடையாது, சாட்டை கிடையாது, அவங்களுக்கும் நாய்க்கும் நடுவுல இருக்குறது ஒரு குரல் மட்டும்தான். குட்டியா கைல வச்சு வளத்தது அஞ்சு வயசுல புயல்ல வழி கண்டுபிடிச்சு கூட்டிட்டுப் போறத பாக்குறதுக்கு ஈடு எதுவும் இல்லன்னு அவங்க சொல்றத நான் நம்புறேன்.

அப்புறம் இந்த ரேஸே நாய காப்பாத்த ஆரம்பிச்சதுதான். 1960கள்ல ஸ்னோமொபைல்ங்கிற பனில ஓடுற மோட்டார் வண்டி வந்ததும் அலாஸ்கா கிராமங்கள்ல வீட்டுக்கு வீடு இருந்த நாய் டீம் காணாம போக ஆரம்பிச்சுது, அது கண்ணு முன்னாடி அழியறத பொறுக்காம ஜோ ரெடிங்டன் கடன ஒடன வாங்கி 1973 ரேஸ நடத்துனாரு. அந்த மாதிரி நாய் டீம்தான் 1925ல நோம்ல டிப்தீரியா பரவுனப்ப நெனானாங்கிற ஊர்ல இருந்து 674 மைல் தூரத்த அஞ்சரை நாள்ல தாண்டி மருந்து கொண்டு போனது, 20 மஷர், மாத்தி மாத்தி. கடைசி கட்டம் ஓடுன பால்டோங்கிற நாய்க்கு சிலை இருக்கு, ஆனா ரொம்ப நீளமான, ஆபத்தான பகுதிய ஓடுனது லியோனார்ட் செப்பாலாங்கிற மஷரோட நாய் டோகோ, அப்ப அதுக்கு 12 வயசு. 2023ல ஜெயிச்ச ரையன் ரெடிங்டன் ஜோவோட பேரன்.

கடைசி கேள்வி, வெளியாள் ஓட்ட முடியுமா. முடியும், நார்வேல இருந்து, வேற நாடுகள்ல இருந்தெல்லாம் வராங்க. நேரா பேர் குடுக்க முடியாது, அதுக்கு முன்னாடி தகுதி ரேஸ்கள் மொத்தம் 750 மைல் முடிச்சிருக்கணும். வழக்கமான வழி என்னன்னா ஒரு கென்னல்ல ஹேண்ட்லரா சேர்றது, சம்பளம் பேருக்குத்தான், தங்க இடமும் சாப்பாடும் இருக்கும், சாணி அள்ளுறது, கறி வெட்டுறது, குட்டி நடத்துறதுன்னு ஆரம்பிச்சு, ஆகஸ்ட் செப்டம்பர்ல பனி விழறதுக்கு முன்னாடி நாலு சக்கர ஏடிவில நாய்ங்கள கட்டி ஓட்டிப் பழக்குறப்ப கூட இருந்து, ரெண்டாவது டீம்ல சின்ன ரேஸ் ஓட்டி, மூணு நாலு வருஷத்துல ஐடிடராட் ஸ்டார்ட் லைன்ல வந்து நிப்பாங்க. கேக்குறவர் நெசமா ஆசப்பட்டுக் கேட்டிருந்தா, கென்னல் தேடுறப்ப எத்தன ரேஸ் ஜெயிச்சாங்கன்னு பாக்காதீங்க, உங்க வயசான நாய்ங்கள காட்டுங்கன்னு கேளுங்க, காட்டுறவங்க கிட்ட சேருங்க. ஆரம்பத்துல கோடைலயே போயிடுங்க, குட்டிங்க இருக்குற சீசன் அது, நாய்ங்க உங்க குரலுக்குப் பழக நேரம் கிடைக்கும்.